ரெபெக்காளுக்கு ஆயில் மாத்தணும்

ஃபெலிக்ஸ் இரண்டு கைகளாலும் பிடித்து, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கித் திருகினான். ஆயில் ஃபில்டர் அசையவில்லை. அவன்தான் அசைந்தான். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவன் உடம்பு, ஷாபாத் கல் தரையில் சிந்தியிருந்த எண்ணெயில் வழுக்கி, கடிகார முள் மாதிரி கால் வட்டம் போட்டு நின்றது.

பம்பருக்குக் கீழே ஒரு முகம் தலைகீழாகத் தெரிந்தது. பிளெசி.

"என்னாச்சு?"

"லூஸாயிட்டு இருக்கு."

"ஃபில்டரா, நீயா?"

பதில் சொல்ல நேரமில்லை. மணி மூன்று பத்து. சர்ச்சில் பாட்டுப் பயிற்சி முடிந்து ஐந்து மணிக்கு அவளுடைய அப்பா எபனேசர் வந்துவிடுவார். அதற்குள் ரெபெக்காளுக்கு ஆயில் மாற்றி, ஃபில்டர் மாற்றி, துடைத்து, ஸ்டார்ட் செய்து காட்டத் தயாராக நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் கல்யாணம். இல்லாவிட்டால் இல்லை. அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

ரெபெக்காள் என்பது கார். எண்பத்தேழாம் வருடத்து வெள்ளை வண்டி. திருமுல்கேரியில் அந்தக் காலனி முழுவதற்கும் அவளைத் தெரியும். சனிக்கிழமை காலையில் எபனேசர் அவளைக் குளிப்பாட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டிப் போவார். மற்ற நாட்களில் போர்வை போர்த்தித் தூங்க வைப்பார். வீட்டில் வேறு யாருக்கும் ஸ்டியரிங்கைத் தொட அனுமதி இல்லை. இருபத்துநான்கு வயதுப் பெண் பிளெசிக்கே பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்கும் அளவுக்குத்தான் பதவி உயர்வு கிடைத்திருந்தது.

அப்படிப்பட்ட வண்டி ஃபெலிக்ஸ் கையில் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவனுடைய நாக்கு.

தூத்துக்குடிக்காரன். மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறான். கொண்டாப்பூரில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். பிளெசி அதே கம்பெனியில் டெஸ்டிங். அவன் எழுதியதில் நாற்பத்து மூன்று தப்புக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நாற்பத்து நான்காவது தப்பை கேன்டீனில் வைத்து நேரில் சொன்னாள். அங்கே ஆரம்பித்தது, போன சனிக்கிழமை அவளுடைய வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்திருந்தது.

"ஆர்.சி.யா?" என்று கேட்டார் எபனேசர்.

"ஆமா அங்கிள்."

"பரவால்ல. எல்லாம் ஒரே இயேசுதான். வேலை?"

"சாஃப்ட்வேர் அங்கிள்."

முதல் பதிலுக்கு இருளாத முகம் இரண்டாவது பதிலுக்கு இருண்டது. "சாஃப்ட்வேர் பசங்களுக்கு வீட்டுல பல்பு மாத்தக்கூட ஆள் வேணும். நாளைக்கு என் பொண்ணு வண்டியோட நடுரோட்ல நின்னா நீ என்ன பண்ணுவே? ஈமெயில் அனுப்புவியா?"

பிளெசி குனிந்துகொண்டு சிரித்தாள். அதுதான் ஃபெலிக்ஸைச் சுட்டது.

"அமெரிக்காவுல எட்டு மாசம் இருந்திருக்கேன் அங்கிள். அங்க என் வண்டிக்கு நானேதான் ஆயில் மாத்துவேன்."

உண்மை என்னவென்றால், நியூ ஜெர்சியில் அவனுக்கு வண்டியே கிடையாது. அறைத் தோழன் ஷ்யாமுக்கு இருந்தது. ஒரே ஒரு தடவை ஷ்யாம் ஆயில் மாற்றினான்; ஃபெலிக்ஸ் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தான். அதிலும் பாதியில் குளிர் தாங்காமல் உள்ளே போய்விட்டான். ஆன்சைட் போய் வந்த அத்தனை பேருக்கும் உள்ள வியாதி இது. அங்கே வேடிக்கை பார்த்ததையெல்லாம் இங்கே வந்து தான் செய்ததாகச் சொல்வது. மற்றவர்கள் பனிச்சறுக்கு விளையாடியதாகவும் விமானம் ஓட்டிப் பார்த்ததாகவும் சொல்வார்கள். ஃபெலிக்ஸ் அடக்கமானவன். ஆயிலோடு நிறுத்திக்கொண்டான்.

புறப்படும்போது எபனேசர் அவனைத் தனியாக வாசலுக்கு அழைத்துக்கொண்டு போய் ஐந்து நிமிடம் பேசினார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"அடுத்த சனிக்கிழமை வா. ரெபெக்காளுக்கு ஆயில் மாத்தணும். நான் வந்து பாக்கறப்ப வண்டி ஸ்டார்ட் ஆகணும். அப்புறம் கல்யாணம் பேசலாம்."

வாசற்படியில் நின்ற பிளெசியின் அம்மா யூனிஸ் ஆன்ட்டி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மெக்கானிக் ஒருவரைத் தவிர வேறு ஆண் கைக்கு அந்தச் சாவி போனது பதினேழு வருடத்தில் அதுவே முதல் தடவை.

"பெல்ட்டு," என்றான் ஃபெலிக்ஸ் காருக்கு அடியிலிருந்து.

"என்ன பெல்ட்?"

"என் பெல்ட்டுதான். ஃபில்டரைச் சுத்திப் போட்டு இழுத்தா கழண்டுரும். நெட்ல படிச்சேன்."

படுத்தபடியே பெல்ட்டை உருவினான். ஃபில்டரைச் சுற்றி மாட்டினான். காலை டயரில் முட்டுக் கொடுத்து முழு பலத்தோடு இழுத்தான். பெல்ட் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு வந்தது. முழங்கை போய்ச் சைலன்சரில் இடித்தது. பக்கிள் தனியாகத் தெறித்து ரோஜாத் தொட்டிக்குள் விழுந்தது. பேன்ட் மட்டும் மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், இறங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து யூனிஸ் ஆன்ட்டி தட்டோடு வந்தாள்.

"தம்பி, இஞ்சி டீ. எங்க இருக்கீங்க?"

"கீழ ஆன்ட்டி."

"மேல வந்து குடிக்கறீங்களா, கீழயே கொடுக்கட்டுமா?"

"வேண்டாம் ஆன்ட்டி, நான் இப்ப எந்திரிக்கிற நெலமைல இல்ல."

ஆன்ட்டி குனிந்தாள். ஆயிலைப் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பேசினைப் பார்த்தாள்.

"அரே! இது கல்கல் பலகாரத்துக்கு மாவு பிசையற பேசினாச்சே!"

"கிறிஸ்மஸுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கும்மா," என்றாள் பிளெசி. "நீ உள்ள போ."

ஆன்ட்டி போனதும் பிளெசி ஒரு சணல் கயிற்றை நீட்டினாள். ஃபெலிக்ஸ் அதை இடுப்பில் கட்டிக்கொண்டான். அதற்கு மேல் இழப்பதற்குக் கௌரவம் எதுவும் இல்லை என்று தோன்றியது. அப்படி நினைத்தது தவறு.

மணி மூன்றரை. நியூ ஜெர்சியில் விடிகாலை ஆறு. அவன் ஷ்யாமுக்கு போன் போட்டான்.

"யாரு செத்தா?" என்றது ஷ்யாமின் தூக்கக் குரல்.

"யாரும் சாகல மச்சான். ஃபில்டர் கழல மாட்டேங்குது."

"காலங்காத்தால காபி போடறியாடா?"

"கார் ஃபில்டர்டா!"

"உனக்கு ஏதுடா கார்?"

"அதெல்லாம் அப்புறம் சொல்லுதேன். இறுகிப்போன ஃபில்டரை எப்படிக் கழட்டணும்? சீக்கிரம்."

ஷ்யாம் கொட்டாவி விட்டான். "நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடு. ஃபில்டரோட குறுக்க சுத்தியலால அடிச்சு, அந்தப் பக்கம் வெளிய வர்ற மாதிரி இறக்கு. அப்புறம் அதையே கைப்பிடியா வச்சுத் திருப்பு."

"ஓட்டையாயிடாதா?"

"தூக்கிப் போடப் போற ஃபில்டர்தானே. ஆனா மச்சான், ஒண்ணு. ஓட்டை போட்டா அப்புறம் திரும்பி வர முடியாது. கழட்டியே ஆகணும்."

லைன் கட்டாகிவிட்டது.

திரும்பி வர முடியாது. ஃபெலிக்ஸின் தொழிலில் அப்படி ஒரு நிலைமையே கிடையாது. எதைக் கெடுத்தாலும் நேற்றைய பிரதி ஒன்று எங்கேயாவது பத்திரமாக இருக்கும். ரெபெக்காளுக்கு அப்படிப் பிரதி எதுவும் இல்லை.

"நக்கோ ஃபெலிக்ஸ், வேண்டாம்," என்றாள் பிளெசி. "எனக்கென்னமோ பயமா இருக்கு. மெக்கானிக்கைக் கூப்பிடலாம்."

"கூப்பிட்டு? உங்கப்பாட்ட என்ன சொல்ல?"

"உண்மையை."

"அந்தக் கட்டத்தைப் போன சனிக்கிழமையே தாண்டியாச்சு. நீ டார்ச்சைப் பிடி."

அவள் பிடித்தாள். ஆயில் மாற்றுவதில் ஃபெலிக்ஸுக்கு அனுபவம் உள்ள ஒரே வேலை அது என்பதால், "நேரா பிடி, கை ஆடுது பாரு," என்று அதிகாரமாகச் சொன்னான். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சுத்தியலால் அடித்தான்.

மூன்றாவது அடியில் உள்ளே இறங்கியது. உள்ளே இருந்த எண்ணெய் வெளியே இறங்கியது. நெற்றி, மூக்கு, வலது காது என்று ஒரு இடம் விடாமல் இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, கிடைத்த கைப்பிடியைப் பிடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்துத் திருப்பினான். திரும்பியது!

"வந்திருச்சு! வந்திருச்சு பிளெசி!"

"வரல," என்றாள் பிளெசி, டார்ச்சைக் கிட்டே கொண்டுபோய். "கிழிஞ்சிருக்கு."

ஸ்க்ரூ டிரைவர் ஃபில்டரின் தகரத்தை டின் பாலைத் திறப்பது மாதிரி அரை வட்டத்துக்குக் கிழித்திருந்தது. ஃபில்டர் மட்டும் என்ஜினை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. கிழிசலிலிருந்து கறுப்புச் சொட்டு ஒன்று திரண்டு, யோசித்து, அவன் உதட்டில் விழுந்தது.

மணி மூன்று ஐம்பது.

கஷ்ட காலத்தில் மனிதனுக்குச் சொந்த ஊர்தான் ஞாபகம் வரும். ஃபெலிக்ஸுக்குத் தூத்துக்குடி - திருச்செந்தூர் பஸ் ஞாபகம் வந்தது.

"சோப்பு!"

"கைக்கு? இன்னும் வேலையே முடியல, அதுக்குள்ள குளிக்கப் போறியா?"

"துணி சோப்பு. பார் சோப்பு. எங்க ஊர்ல பஸ்ல டீசல் டேங்க் ஒழுகுனா டிரைவர் அண்ணாச்சி சோப்பைத் தேச்சுத்தான் அடைப்பாரு. அப்படியே திருச்செந்தூர் வரைக்கும் போவும்."

"புது ஃபில்டர் வாங்கி வச்சிருக்கியே, அது?"

"அது திங்கக்கிழமை. நீ ஒரு மெக்கானிக்கை வச்சு ரகசியமா மாட்டிரு. இன்னைக்கு உங்கப்பா பாக்கப் போறது ஸ்டார்ட் ஆகுதான்னுதான். அடியில படுத்தா பாக்கப் போறாரு?"

கேட்பதற்குப் புத்திசாலித்தனமாகத்தான் இருந்தது. அன்றைக்கு அவன் சொன்ன எல்லாமே கேட்பதற்குப் புத்திசாலித்தனமாகத்தான் இருந்தன.

பிளெசி நீலக் கலர் சோப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். ஃபெலிக்ஸ் தகரத்தைத் துடைத்து, சோப்பைப் பிசைந்து, கிழிசலில் அப்பினான். ஒரு நிமிடம் பார்த்தான். சொட்டவில்லை. வெளியே உருண்டு வந்து எழுந்து நின்றான். தலையிலிருந்து கால் வரை கறுப்பாக, இடுப்பில் சணல் கயிற்றோடு, ஜெயித்தவன் மாதிரி சிரித்தான். பற்கள் மட்டும் வெள்ளையாக இருந்தன.

"பாத்தியா? இனி புது ஆயிலை ஊத்த வேண்டியதுதான். நீ கீழ பாத்துக்கிட்டே இரு. சோப்பு கசிஞ்சா சொல்லு."

பானெட்டைத் திறந்து, எண்ணெய்க் குவளைப் படம் போட்ட மூடியைக் கண்டுபிடித்தான். மூன்று லிட்டர் டப்பாவைச் சாய்த்தான். புது ஆயில் தேன் மாதிரி அழகாக இறங்கியது.

"எப்படி இருக்கு?"

"சோப்பு சூப்பரா நிக்குது," என்றாள் பிளெசி.

மேலும் ஊற்றினான். "இப்ப?"

"சோப்பு நிக்குது. ஆனா ஒரு டவுட்."

"என்ன?"

"பேசின் ஏன் நிறையுது?"

டப்பாவில் கால் பங்குதான் மிச்சம் இருந்தது. ஃபெலிக்ஸ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். பழைய ஆயிலை வடிக்கக் கழற்றிய அடி போல்ட் அங்கே பத்திரமாக இருந்தது.

"நாற்பத்தஞ்சாவது," என்றாள் பிளெசி.

கறுப்பு எண்ணெயும் புது எண்ணெயும் கல்கல் பேசினில் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தன. போல்ட்டை மாட்டி இறுக்கினான். அது ஒன்றுதான் அன்றைக்கு ஒழுங்காக இறுகியது. டப்பாவில் இருந்த மிச்சத்தை ஊற்றினான். மணி நாலு பத்து.

வேறு வழியில்லை. பிளெசி லால் பஜாரில் இருக்கும் மெக்கானிக்குக்கு போன் செய்தாள். ஹிந்தியில் கெஞ்சினாள், தெலுங்கில் மிரட்டினாள், போனை வைத்தாள்.

"கடையை விட்டு வர முடியாதாம். வண்டியைக் கொண்டுவந்தா பத்து நிமிஷத்துல ஃபில்டரைக் கழட்டித் தரேங்கறார். ஆனா இவ்ளோ கம்மி ஆயில்ல ஓட்டலாமா?"

"ஒன்றரை கிலோமீட்டர்தான். பழைய வண்டியெல்லாம் உழைச்ச வண்டி. தாங்கும்."

முன் சக்கரங்களுக்கு அடியில் இருந்த கல் பலகைகளிலிருந்து ரெபெக்காளை மெதுவாக இறக்கினான். கேட்டருகே யூனிஸ் ஆன்ட்டி மறித்தாள்.

"வண்டியை எங்க தம்பி எடுத்துட்டுப் போறீங்க?"

"சும்மா டெஸ்ட் பண்ணிப் பாக்க ஆன்ட்டி."

"டெஸ்டிங்னா நான் இல்லாமலா?" என்று பிளெசி ஏறி உட்கார்ந்தாள்.

தெருமுனை திரும்பும்போதே மீட்டருக்குக் கீழே அலாவுதீன் விளக்கு மாதிரி ஒரு படம் சிவப்பாக எரிந்தது.

"அது என்ன லைட்?"

"வண்டி ஆன்ல இருக்குன்னு அர்த்தம்."

ராணுவ முகாமின் நீண்ட சுவர் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் ஆட்டோ வந்தது. ஓட்டியவர் எட்டிப் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பாக, "அன்னா! நீ காரு ஸ்நானம் சேஸ்துந்தி!" என்று, கார் குளிப்பதாகத் தெலுங்கில் கத்திவிட்டுப் போனார். பிளெசி தலையை நீட்டிப் பார்த்தாள். சூட்டில் இளகிய சோப்பும் எண்ணெயும் கலந்து, காருக்கு அடியிலிருந்து சாம்பல் நிற நுரை சாலை நெடுகக் கோடு போட்டிருந்தது. நுரைக் குமிழ்கள் இரண்டு மூன்று வெயிலில் மின்னிக்கொண்டு பறந்தன.

என்ஜினுக்குள்ளிருந்து 'டக் டக் டக்' என்று யாரோ கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நிறுத்து ஃபெலிக்ஸ்!"

"இன்னும் அரை கிலோமீட்டர்தான்!"

டக் டக் டக் டக். பிறகு ஒரே ஒரு 'கடக்'. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அந்த அமைதியை ஃபெலிக்ஸ் வாழ்நாளில் மறக்க மாட்டான். ரெபெக்காள், முகாம் கேட்டுக்குச் சரியாக எதிரே, மூச்சை நிறுத்தியிருந்தாள். துப்பாக்கியோடு காவல் நின்ற சிப்பாய் விசில் அடித்தார். முன்னால் கறுப்பாக எண்ணெய் வடியும் ஓர் உருவம் இறங்குவதைப் பார்த்து இன்னொரு விசிலும் அடித்தார். பிளெசி ஓடிப் போய் ஹிந்தியில் எல்லாவற்றையும் சொன்னாள். கல்யாண விஷயத்தையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. இரண்டு ஜவான்கள், சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி ஒரு வார்த்தை பேசாமல், வண்டியை வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

கேட்டில் எபனேசர் நின்றிருந்தார். கையில் பாட்டுப் புத்தகம். மணி ஐந்து ஐந்து.

அவர் ஜவான்களுக்கு நன்றி சொல்லி அனுப்பினார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். 'க்ளிக்' என்றது. மறுபடி திருப்பினார். அந்தக் க்ளிக்கும் வரவில்லை.

"அய்யோ ரெபெக்காள்!" என்று யூனிஸ் ஆன்ட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கப்பா ரிட்டயரான காசுல எனக்குன்னு வாங்கிக் கொடுத்த வண்டி! அவர் வச்ச பேரு!"

எபனேசர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கவிழ்ந்துகொண்டார். தோள்கள் குலுங்கின. ஃபெலிக்ஸால் பார்க்க முடியவில்லை.

"யூனிஸ்," அவர் குரல் கம்மியிருந்தது. "இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. என்ஜின் மொத்தமா போச்சு. நீ பாக்காதே. பிளெசி, அம்மாவை உள்ள கூட்டிட்டுப் போ."

கதவு மூடியது. வாசலில் இரண்டு ஆண்களும் ஒரு செத்த காரும் மிஞ்சினார்கள்.

ஃபெலிக்ஸ் எச்சில் விழுங்கினான். ஆயில் வாடை அடித்தது.

"அங்கிள், நான் சொன்னது பொய். அமெரிக்காவுல எனக்குக் காரே கிடையாது. ஆயில் மாத்துனது என் ஃபிரெண்டு. நான் டார்ச்தான் பிடிச்சேன். பாதியில உள்ள போயிட்டேன். பிளெசி மேல ஒரு தப்பும் இல்ல, அவ அப்பவே வேண்டாம்னா. வண்டிக்கு என்ன செய்யணுமோ செய்யுதேன். நான்... நான் வாரேன் அங்கிள்."

"எங்க போறே?"

"கொண்டாப்பூர்."

"அப்ப நிச்சயதார்த்தத்துக்கு யாரு தேதி பாக்கறது?"

ஃபெலிக்ஸ் நிமிர்ந்தான். எபனேசர் ஸ்டியரிங்கிலிருந்து தலையைத் தூக்கியிருந்தார். கண்ணில் தண்ணீர் இருந்தது உண்மை. ஆனால் அது சிரித்துச் சிரித்து வந்த தண்ணீர்.

அவர் மூடிய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மாமனார் கொடுத்த வண்டிப்பா. வித்தா வீட்டுல சோறு கிடையாது. பதினேழு வருஷமா வாராவாரம் குளிப்பாட்டறேன். ஏசி கிடையாது, ஏத்தத்துல இழுக்காது, மழை வந்தா உள்ளதான் பெய்யும். மெக்கானிக்கிட்ட விட்டா, பாவி, ஒவ்வொரு தடவையும் பொழைக்க வச்சிடறான்."

"அங்கிள்..."

"மாமான்னு சொல்லு."

"மாமா, அப்ப எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறது உங்களுக்கு..."

"ஹவ், தெரியும்," என்று எபனேசர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "போன வாரம் பானெட்டைத் திறந்து, 'ஆயில் எங்க ஊத்துவே'ன்னு கேட்டதுக்கு நீ ரேடியேட்டரைக் காட்டினியே, அதைப் பாத்த பிறகுதானே மாப்பிள்ளே சாவியை எடுத்து உன் கையில கொடுத்தேன்!"